தேதி குறிக்க வராத தட்டு

மாமா,

இன்று காலை பள்ளிக்கூடத்தில் என் கவுன்சலிங் அறையில் உட்கார்ந்திருந்தபோது புளி வாசனை வந்தது. குழம்புப் புளி இல்லை, அண்டா விளக்குகிற புளி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்தம் முடிந்து பித்தளைச் சாமான்களைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள் போல. எனக்கு எதிரே ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏன் மிஸ் சிரிக்கிறீக?" என்று கேட்டாள். நான் சிரித்தது எனக்கே தெரியாது. உங்கள் நினைப்பு வந்தால் என் முகம் என்னைக் கேட்காமலே அப்படி ஆகிவிடுகிறது.

விசேஷ வீடுகளுக்குப் பாத்திரமும் பந்தலும் வாடகைக்கு விடுகிற உங்கள் கடையின் வாசனை அது. காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட அந்த நீளக் கிட்டங்கி, அதை ஒட்டியே உங்கள் வீடு. ஒரு பக்கம் அண்டா, குண்டான், கரண்டி, ஜமக்காளம். இன்னொரு பக்கம் பந்தல் கால்கள், துணி உருண்டைகள், நாற்காலி அடுக்குகள். நடுவில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள். ஊரில் யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் காதுகுத்து, எந்த வீட்டில் பேச்சு முறிந்தது என்பதெல்லாம் ஜோசியருக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கடைக்குள் நுழைந்தால் முதலில் உங்கள் சத்தம் கேட்கும், அப்புறம்தான் ஆள் தெரிவீர்கள். "வாத்தா, சாப்ட்டியா? சாப்பிடலைன்னா அங்குட்டுப் போயி அத்தைகிட்டச் சாப்பிடு, சாப்ட்டுட்டேன்னா இன்னொரு தரம் சாப்பிடு." இது நீங்கள் எனக்குச் சொன்ன வரவேற்பு. ஒருநாளும் மாறியதில்லை.

அம்மாவுக்குப் பிறந்த வீடு என்றால் நீங்கள் ஒருவர்தான். அம்மாச்சியும் தாத்தாவும் நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே போய்விட்டார்கள். அம்மாவுக்கு அக்கா தங்கை யாரும் கிடையாது. ஒக்கூரில் எங்கள் வீட்டில் ஒரு நல்ல சேலை வாங்கினாலும் "அண்ணன்கிட்டக் காட்டிட்டு வந்துர்றேன்" என்று பஸ் ஏறுகிறவள் அவள். நான் பிறந்ததும் என்னைக் கையில் வாங்கிய நீங்கள், "இது நம்ம வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டீர்கள். உங்கள் மகன் சரவணனுக்கு என்று அர்த்தம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, தாய்மாமன் முறை. நானும் சரவணனும் உங்கள் ஜமக்காள அடுக்குகளுக்கு நடுவில் ஒளிந்து விளையாடி, ஒருவர் மண்டையை ஒருவர் கரண்டியால் தட்டிக்கொண்டு வளர்ந்தோம். பெரியவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது எங்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

மாமா, இதைச் சொன்னால் நீங்கள் மறுக்க மாட்டீர்கள். என்னை அந்தச் சமுதாயக் கல்லூரியில் சேர்த்துவிட்டதே நீங்கள்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நான் வாங்கிய மார்க்குக்குப் பெரிய கல்லூரி எதுவும் கதவைத் திறக்கவில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த சரவணன் ஒரு வருடம் கழித்துத்தான் லீவில் வருவான். அதுவரை நான் என்ன செய்வது? அந்தக் கல்லூரியின் ஆண்டுவிழாவுக்கு வருடா வருடம் பந்தல் போடுகிற உரிமையில் நீங்கள் நேராக அலுவலகத்துக்குள் போய், "நம்ம வீட்டுப் பிள்ளை. கல்யாணம் வரைக்கும் வீட்ல உக்காந்து போனை நோண்டாம ஏதாச்சும் படிக்கட்டும்" என்றீர்கள். ஒரு வருட டிப்ளமோ. கவுன்சலிங் படிப்பு. அந்தப் பெயர் உங்களுக்குப் பிடிக்கவில்லை. கடையில் எல்லோரிடமும் "பிள்ளை ஆறுதல் சொல்ற படிப்பு படிக்குது" என்று சொல்லி வைத்தீர்கள். கடையில் நாற்காலி அடுக்குகிறவர்கள் என்னைப் பார்த்தால் "தாயி, எங்களுக்கும் கொஞ்சம் ஆறுதல் சொல்லிட்டுப் போ" என்பார்கள். நானும் ஏதாவது சொல்லிவிட்டுப் போவேன்.

முதல் பருவத்தில் நான் விளையாட்டாகத்தான் இருந்தேன். இரண்டாம் பருவத்தில் எங்களை ஆஸ்பத்திரி வராந்தாவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்களுக்குத் துணையாக வந்து காத்திருக்கிறவர்களோடு பேச வேண்டும், அதுதான் பயிற்சி. அங்கே ஒருநாள் ஒரு அப்பா. அவருடைய மகன் பேச்சை நிறுத்திப் பல மாதம் ஆகிவிட்டது. காதில் கோளாறு இல்லை, தொண்டையில் கோளாறு இல்லை, ஆனால் பேசவில்லை. அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏத்தா, நீ படிக்கிற பிள்ளைதானே. அவன் கோவத்துல பேசாம இருக்கானா, இல்ல பேச முடியாம இருக்கானா? அதமட்டும் சொல்லு. கோவம்னா நான் கால்ல விழுந்துருவேன்."

எனக்குப் பதில் தெரியவில்லை, மாமா. அதுவரை எந்தப் பரீட்சையிலும் பதில் தெரியாதது எனக்கு வெட்கமாக இருந்ததில்லை. பழக்கப்பட்ட விஷயம்தானே. ஆனால் அன்றைக்கு ஒக்கூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் எப்படி இருப்பேன் என்று முதன்முறையாகத் தோன்றியது. படிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது இப்படித்தான் இருக்குமா என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

எங்கள் வகுப்பு மேடம் வழி சொன்னார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல் பட்டப்படிப்பு இருக்கிறது, நம் டிப்ளமோவை முதல் வருடமாக எடுத்துக்கொள்வார்கள், நேராக இரண்டாம் வருடத்தில் போய் உட்காரலாம், ஆனால் நேர்காணல் உண்டு என்றார். அப்பாவும் நானும் போய் வந்தோம். உங்களிடம் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? பம்புசெட்டுக்கு மோட்டார் பார்க்கப் போவதாக. நீங்கள் வேறு, "நல்ல கம்பெனியாப் பாத்து வாங்குங்க மாப்ளே" என்று யோசனை சொன்னீர்கள். நேர்காணலில் ஏன் உளவியல் என்று கேட்டார்கள். அந்த வராந்தாவையும் அந்த அப்பாவையும் சொன்னேன். இங்கிலீஷில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன். எதிரே இருந்தவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

இடம் கிடைத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆடி கழிந்து ஆவணி பிறந்தால் எனக்கும் சரவணனுக்கும் கல்யாணம் என்று நீங்கள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தீர்கள். இரண்டு வருடம் பொறுக்கச் சொல்வதா? சொன்னாலும், படித்து முடித்துவிட்டு அவனையே கட்டிக்கொள்வேன் என்று என்னால் வாயெடுத்துச் சொல்ல முடியுமா? சொல்ல முடியாது. அம்மாவுக்கு அது தெரியும். நம் பக்கத்தில் முறை தட்டிப்போனால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். போக்குவரத்து நின்றுவிடும். நல்லது கெட்டது எதிலும் சேர்க்க மாட்டார்கள். எனக்குப் படிப்பு கிடைத்தால் அம்மாவுக்கு அண்ணன் போய்விடுவார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தம்கூடப் பயந்து பயந்துதான் கேட்டது.

"உங்க அண்ணன் விசயம். நீங்களே போயிட்டு வாங்க" என்று அப்பா மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். வீரம்!

பிறகு நடந்ததற்கு அம்மாதான் பொறுப்பு. அவளைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. அண்ணனிடம் இவ்வளவு பெரிய விஷயத்தை வெறுங்கையோடு போய்க் கேட்பதா என்று, பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துத் துடைத்தாள். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம், தேங்காய், பூ, கல்கண்டு. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி என் மடியில் வைத்தாள். பஸ்ஸில் கண்டக்டர் பார்த்துவிட்டு, "விசேசமாக்கா?" என்றார். அம்மா, "ஆமா, எங்க அண்ணன் வீட்டுக்கு" என்றாள். அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. அவளுக்குப் பயம், எனக்கும் பயம்.

கடை வாசலில் எங்களைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ஏ, இங்க பாருங்கடா, என் தங்கச்சி தேதி குறிக்கத் தட்டோட வந்துருச்சு!" என்று கிட்டங்கி அதிரக் கத்தினீர்கள். அண்டா தேய்த்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுபோயின. எங்களுக்கு வாய் திறக்க வழியில்லை. தட்டை என் கையிலிருந்து வாங்கி நடுவீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாகிவிட்டது. அத்தை ஓடிவந்து என் தலையில் மல்லிகைப் பூ வைத்தாள். வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு கலக்கச் சொன்னாள். நீங்கள் உங்கள் மரப் பீரோவைத் திறந்து ஒரு துணி உருண்டையை வெளியே இழுத்தீர்கள். மயில்கழுத்து நிறத்தில் பந்தல் துணி. இந்த ஊரில் எத்தனையோ வீட்டுக்குப் பந்தல் போட்டாயிற்று, நம் வீட்டுக்கு என்று ஒன்று வேண்டும் என்று, யாருக்கும் வாடகைக்கு விடாமல் எடுத்து வைத்திருந்தீர்கள். "தொட்டுப் பாரு ஆத்தா. மூணு தெருவுக்கு நீளும்" என்று என் கையில் கொடுத்தீர்கள். நான் தொட்டுப் பார்த்தேன். வழுவழு என்று இருந்தது. அழுகை வந்துவிடும் போல இருந்தது.

அதற்குள் சரவணனுக்கு வீடியோ கால் போட்டுவிட்டீர்கள். அவன் சிங்கப்பூரில் ஏதோ ஒரு விடுதிப் படிக்கட்டில், நெற்றியில் ஹெல்மெட் பதிந்த தடத்தோடு திருதிருவென விழித்தான். "டேய், தேதி குறிக்கப் போறோம்டா, ஒன் அத்தை தட்டோட வந்துருக்கு" என்று போனை என் பக்கம் திருப்பினீர்கள். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். எங்கள் இரண்டு பேர் முகத்திலும் ஒரே களைதான். அது கல்யாணக் களை இல்லை.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இனி அவளால் பேச முடியாது என்று தெரிந்தது. நான்தான் சொன்னேன்.

"மாமா, இது தேதி குறிக்கக் கொண்டாந்த தட்டு இல்ல."

"பின்ன?"

"எனக்குக் கோயம்புத்தூர்ல படிக்க இடம் கிடைச்சிருக்கு மாமா. ரெண்டு வருசம். அதுக்கு உங்ககிட்டக் கேக்க வந்தோம். கல்யாணம் வேணாம் மாமா. சரவணனுக்கும் எனக்கும்... வேணாம்."

பணியார மாவு கலக்குகிற சத்தம் நின்றது. போனிலிருந்து சரவணன் குரல் மட்டும் வந்தது. "அப்பா, அது படிக்கட்டும்ப்பா. நானே எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்." பாவி, அவனாவது ஒரு வருடம் முன்னால் சொல்லியிருக்கலாம். நீங்கள் போனை அணைத்தீர்கள். அத்தை, "ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கோமே, நாங்க எப்படி வெளிய தல காட்டுறது?" என்றாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, பிள்ளை ஆசைப்படுது. அதுக்காக என்னைய வெட்டி விட்றாதீக. எனக்கு நீங்க ஒரு ஆளுதான்" என்று அழுதாள்.

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டீர்கள். கிட்டங்கிப் பக்கம் போனீர்கள். நாற்காலி சரியாக அடுக்கவில்லை என்று யாரையோ வாயில் வந்தபடி ஏசினீர்கள். அதில் எங்களுக்கும் பங்கு இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்து சாமி படத்துக்கு முன்னாலிருந்த தாம்பாளத்தை எடுத்து அம்மா கையில் கொடுத்தீர்கள். "இத எடுத்துட்டுப் போங்க" என்றீர்கள். அவ்வளவுதான்.

கொண்டுபோன தட்டைத் திருப்பிக் கொடுத்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம், எங்களுக்குத் தெரியாதா? பஸ்ஸில் அம்மா தட்டைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். என் தலையில் அத்தை வைத்த பூ அப்படியே இருந்தது. அதை எடுக்கவும் கை வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா தட்டை அடுப்படியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். பழம் கறுத்தது, வெற்றிலை வாடியது, யாரும் தொடவில்லை. "நான் போகலம்மா" என்று ஒருநாள் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்து, "போகலைன்னா மட்டும் விட்டுப்போன ஒறவு திரும்பி வந்துருமா? பேசாம துணிமணிய எடுத்து வை" என்றாள். அவ்வளவு கோபமாக அவள் எனக்குச் சாதகமாகப் பேசி நான் கேட்டதில்லை. துணிகளை எடுத்து வைத்தேன். எடுத்து வைத்துவிட்டு அழுதேன். அழுதுவிட்டு மறுபடியும் மடித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவுக்குள் உங்கள் கடை வேன் வந்தது. நீங்களே ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். பக்கத்தில் அத்தை இல்லை. இறங்கி, பின்கதவைத் திறந்து, தட்டுகளாக எடுத்து வைக்க ஆரம்பித்தீர்கள். எங்கள் வாசலில், வெயிலில், தெரு முழுக்கப் பார்க்க. ஒரு தட்டில் பழம், ஒரு தட்டில் சேலை, ஒரு தட்டில் பேனா, நோட்டு, ஒரு டார்ச் லைட். அப்புறம் தலையணை, பெட்ஷீட், வாளி, மக்கு, தகரப் பெட்டி, சாப்பாட்டுத் தட்டு, டம்ளர். தாய்மாமன் சீர்! காதுகுத்துக்கும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் கொண்டுவருகிற சீரை, காலேஜுக்குப் போகிற பெண்ணுக்குக் கொண்டுவந்த முதல் தாய்மாமன் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன விசேசம்?" என்றார். "எங்க பிள்ளை யுனிவர்சிட்டிக்குப் போகுதுல்ல" என்றீர்கள், அவருக்கு அது தெரியாமல் போனது அவர் குற்றம் என்பது போல.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தட்டைத் திருப்பிக் குடுத்துட்டீகளே அண்ணே" என்றாள்.

"பின்ன வாங்கி வச்சுக்குவேனா? நீ ஏன் எனக்குத் தட்டுத் தூக்கிட்டு வந்த? நான் என்ன சம்பந்தியா, ஊரான் வீட்டுக்காரனா? பொறந்த வீட்டுக்கு ஒரு சங்கதி கேக்க வந்தா சும்மா வந்து கேக்க மாட்டியா?" என்று அவளை ஏசினீர்கள். "தட்டோட வந்ததாலதானே நானும் கோட்டி பிடிச்சவன் மாதிரி ஊரைக் கூட்டினேன். எனக்கு அசிங்கமாப் போச்சு. அந்த அசிங்கத்துலதான் நாலு நாளு இங்குட்டு வரல."

அம்மா அன்றைக்கு அழுத அழுகை வேறு மாதிரி. எனக்கு மூச்சு லேசாக வந்தது, மாமா. அந்த வாரம் முழுக்க நான் முழு மூச்சு விடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்படியே உங்கள் தகரப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "எந்திரி, அது நசுங்கிப் போகும்" என்றீர்கள்.

காபி குடிக்கும்போது கேட்டீர்கள். "ஆமா, மனசுல இருக்கிறதச் சொல்ற படிப்புன்றாகளே. நான் இப்ப என்ன நெனைக்கிறேன், சொல்லு பாப்போம்."

"தெரியல மாமா."

"தெரியலைல்ல? அப்பப் போயிப் படி."

அந்த மயில்கழுத்துத் துணியைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வருத்தம் இல்லாமல் இருந்திருக்காது. அவ்வளவு வருடம் பீரோவில் எடுத்து வைத்த ஆசை. அதை என் முன்னால் காட்டாமல் இருக்க நீங்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள் என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. படித்த படிப்பில் புரியவில்லை, வயசில் புரிந்தது.

கோயம்புத்தூருக்கு என்னை அந்த வேனிலேயே கூட்டிப் போனீர்கள். அப்பா முன்னால், நானும் அம்மாவும் வாளி, தலையணைக்கு நடுவில். விடுதி வாசலில் காவல்காரர் வேன் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "இங்க கல்யாணம் எதுவும் இல்லையே" என்று மறித்தார். நீங்கள் அவரோடு பேசிப் பேசி, அவர் ஊர் தேவகோட்டைப் பக்கம் என்று கண்டுபிடித்து, அவர் மச்சினன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டது நீங்கள்தான் என்பதையும் கண்டுபிடித்தீர்கள். பெட்டியை அவரே தூக்கி வந்தார். அறையில் என்னோடு இருந்த பெண்கள் முதல்நாளே என்னைப் பயத்தோடு பார்த்தார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் கொடுத்த தட்டு, டம்ளர், வாளி, மக்கு எல்லாவற்றிலும் உங்கள் கடைப் பெயர் வெட்டியிருந்தது. நம் பக்கத்தில் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் யார் இருக்கிறார்கள்? ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அது எங்கே தெரியும்? ஏதோ மண்டபத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள் என்றே நினைத்துவிட்டார்கள். போனில் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்துவிட்டது. "நல்லதாப் போச்சு, ஒருத்தியும் எடுக்க மாட்டா" என்றீர்கள்.

படிப்பு சுலபமாக இல்லை. மற்றவர்கள் முதல் வருடத்தில் படித்த புள்ளியியலை நான் படிக்கவே இல்லை. டிப்ளமோவை ஒரு வருடமாக எடுத்துக்கொண்டார்கள்தான், ஆனால் அதில் இல்லாததை யார் சொல்லித் தருவார்கள்? ஒரு பேப்பர் போயிற்று. இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்க ஒரு பொழுது போனது. அப்போதெல்லாம் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றவில்லை. எனக்கு அதுதான் பெரிய ஆறுதல். சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தால் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று பதறியிருப்பேன். நான் சீர் வாங்கிக்கொண்டு வந்தவள். போன பேப்பரை மறுபடி எழுதினேன், முடித்தேன்.

சரவணன் கல்யாணம் அவன் லீவில் வந்தபோது நடந்தது. தேவகோட்டைப் பெண், அவனே பார்த்துப் பேசி முடித்தது. நான் பரீட்சை முடித்து ஓடி வந்தேன். தெருவை அடைத்து அந்த மயில்கழுத்துப் பந்தல் நின்றது. நிஜமாகவே மூன்று தெருவுக்கு நீளும் போலத்தான் இருந்தது. அத்தை அதுவரை எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டால் பதில், அவ்வளவுதான். உங்களுக்கு அது தெரியும். மணமேடையில் சடங்கு செய்ய ஆளைக் கூப்பிட்டபோது நீங்கள் மைக்கை வாங்கி, "என் தங்கச்சி எங்க? மாப்பிள்ளைக்கு அத்தை அதுதான். அது வந்தாத்தான் மேல நடக்கும்" என்றீர்கள். அம்மா எல்லோர் முன்னாலும் நடந்து போனாள். அந்த மைக் உங்கள் கடை மைக், சும்மாவே சத்தம் அதிகம். காரைக்குடி பாதிக்குக் கேட்டிருக்கும்.

இப்போது என்னிடம் வருகிற பெண்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான். "வீட்ல எப்படி மிஸ் சொல்றது?" நான் அவர்களுக்கு வீரம் பேசச் சொல்லித் தருவதில்லை. சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்லு, சொன்னதும் அவர்கள் எழுந்து போனால் அதையே முடிவு என்று எடுத்துக்கொள்ளாதே, அவர்கள் திரும்பி வரக் கொஞ்சம் நாள் கொடு என்கிறேன். இதைப் பாடப் புத்தகமும் வேறு வார்த்தையில் சொல்கிறது. எனக்கு அது உங்களால் தெரியும். எல்லா வீட்டிலும் நீங்கள் இல்லை என்பதும் தெரியும். சிலர் வீட்டில் வேன் வருவதே இல்லை. அப்போது நான் கூடப் போய் உட்கார்ந்து பேசுகிறேன்.

போன வருடம் நீங்கள் போனது யாருக்கும் அவகாசம் கொடுக்காத மாதிரி. நெஞ்சு வலி என்று சொன்னீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நாங்கள் ஒக்கூரிலிருந்து வந்து சேர்ந்தபோது வீடு நிறைந்துவிட்டது. அம்மா வாசலில் வந்து நின்றவள் உள்ளே போகாமல் ஒரு கணம் தயங்கினாள். ஏன் தயங்கினாள் என்று எனக்குத் தெரியும். உங்கள் தலைமாட்டில் அத்தை இருந்தாள். நீங்கள் இருந்தவரை நீங்கள் கூப்பிட்டீர்கள், அம்மா போனாள். இனி கூப்பிட யார் இருக்கிறார்கள்?

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். அழுகையில் முகம் வீங்கியிருந்தது. தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைக் கையால் நகர்த்தி, உங்கள் தலைமாட்டில் இடம் பண்ணினாள்.

"அங்க ஏன் நிக்கிற தாயி? இங்குட்டு வா. ஒங்க அண்ணனப் பாரு" என்றாள்.

அம்மா போய் உட்கார்ந்து உங்கள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நான் அவளுக்குப் பின்னால் நின்று அழுதேன், மாமா. அழுகையோடு அழுகையாக எனக்கு நிம்மதியும் வந்தது. அதை யாரிடமும் இதுவரை சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். நான் என் படிப்பைப் படித்து முடித்துவிட்டேன். என் அம்மாவுக்கு அவள் அண்ணன் வீடு இன்னும் இருக்கிறது.